லூசியம்மாள் அடித்த ஊஞ்சல்

சிங்கராயருக்கு இரும்பு அடிக்கும் ஆசை வந்தபோது அவருக்கு வயது நாற்பத்தைந்து. பம்பாயில், பல்லார்ட் பியரில் ஒரு கப்பல் கம்பெனியில் டைப்பிஸ்ட். செம்பூரில் வரிசையாக இருந்த ஓட்டு வீடுகளில் கடைசி வீட்டில் மனைவி லூசியம்மாளோடு குடியிருந்தார். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்து நாக்பூருக்கு அனுப்பியாகிவிட்டது. கடைசி வீடு என்பதால் பின்பக்கம் கொஞ்சம் முற்றமும் அதில் ஒரு புளியமரமும் அவர்களுக்குக் கிடைத்திருந்தன.

அந்த முற்றம் அவருடைய பல ஆசைகளைப் பார்த்துவிட்டது. முயல் வளர்த்தார், முயல்கள் ஓடிப்போயின. மாண்டலின் கற்றார், அது இப்போது பரண்மேல் கிடந்தது. போட்டோ கழுவுகிறேன் என்று குளியலறையை இருட்டாக்கி வைத்திருந்ததில் லூசியம்மாள் ஒரு மாதம் முற்றத்தில் பாத்திரம் தேய்த்தார். ஆகையால் அறுபத்தாறாம் வருஷம் மழைக்காலம் முடிந்த கையோடு, ஸ்டேஷன் பக்கம் நடைபாதையில் ஒரு கொல்லர் பழுத்த இரும்பை அல்வா மாதிரி வளைத்ததைப் பார்த்துவிட்டு வந்து, அதையே நாமும் வீட்டில் செய்யலாம் என்று அவர் சொன்னபோது, அந்த அம்மாள் தையல் மெஷினிலிருந்து தலையை நிமிர்த்தாமலேயே கேட்டார்:

"இது எத்தன நாளைக்கு?"

கையில் காசு கிடையாது. அதனால் எல்லாமே கழித்துப்போட்டதிலிருந்து வர வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பிரம்மநாயகம் டிராம்பேயில் விஞ்ஞானிகளை ஏற்றிப்போகும் பஸ்ஸின் டிரைவர். திருநெல்வேலிக்காரர், அந்த வரிசையிலேயே கனத்த உடம்பு. அவர் தெரிந்த லாரி ஷெட் ஒன்றிலிருந்து தேய்ந்துபோன பிரேக் டிரம் ஒன்றை வாங்கிவந்து கொடுத்தார். உள்ளே களிமண் பூசிக் கரியைக் கொட்டியதும் உலை ஆயிற்று. காற்றுக்குச் சைக்கிள் பம்பு. சிங்கராயர் மூச்சு வாங்க வாங்க அடித்தும் கரி கண்ணை மட்டும் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. பிறகு அவருடைய ரெயின்கோட்டை வெட்டி, இரண்டு பலகைகளுக்கு நடுவே வைத்து லூசியம்மாளே துருத்தி தைத்துக் கொடுத்தார். அடுத்த ஜூனில் நனைந்துகொண்டு ஆபீஸ் போகட்டும் என்று முணுமுணுத்தபடிதான் தைத்தார். ஆனால் தையல் இரட்டைத் தையல்.

இரும்பை வைத்து அடிக்கும் பட்டடைக் கல்லுக்குத்தான் பெரிய கூத்து நடந்தது. குர்லாவில் பங்கார் கடை, அதாவது பழைய இரும்புக் கடை, வைத்திருந்த ரஹ்மத்துல்லா ஒரு தண்டவாளத் துண்டைக் காட்டி, இது தாதர் வரைக்கும் டிராம் ஓடிய தண்டவாளம், டிராமை நிறுத்தியபின் பெயர்த்தெடுத்தது என்று சத்தியம் செய்தார். நிஜமோ பொய்யோ, முழங்கை நீளத்துக்கு நல்ல கனமான இரும்பு. சிங்கராயர் அதை லூசியம்மாளின் பழைய சேலையில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு ரயில் ஏறினார். மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருந்த ஒரு மராட்டிக்கார அம்மாள் சட்டென்று எழுந்து இடம் கொடுத்தாள். குழந்தை தூங்குகிறதா என்று இந்தியில் கேட்டாள். அவர் வேறு வழியில்லாமல் ஆமாம் என்று தலையசைத்தார்.

செம்பூர் வந்தபோது மடியிலிருந்த கனத்தில் கால் மரத்துப்போய் அவரால் எழுந்திருக்க முடியவில்லை. எதிரே நின்ற ஒரு வாலிபன், குழந்தையை நான் பிடிக்கிறேன் என்று இரண்டு கைகளையும் நீட்டினான். ரயில் கிளம்பிவிடும் என்ற பதற்றத்தில் சிங்கராயர் கொடுத்துவிட்டார். வாங்கியவன் வாங்கிய வேகத்தில் அப்படியே தரைவரைக்கும் குனிந்துவிட்டான். மராட்டிக்கார அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். இரும்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு பிளாட்பாரத்தில் இறங்கி, ரயில் போகும்வரை யாரையும் திரும்பிப் பார்க்காமல் நின்றார் சிங்கராயர். வீட்டில் இதைச் சொன்னபோது லூசியம்மாள் சிரித்த சிரிப்பில் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

முதலில் அடித்தது ஒரு கொக்கி. கேள்விக்குறி மாதிரி இருக்க வேண்டியது, கேள்வியை மறந்துபோனது மாதிரி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. ஆனாலும் சுவரில் அடித்து வெங்காயக் கூடையை மாட்டினால் தாங்கியது. சிங்கராயர் அன்றைக்குச் சாப்பாட்டு நடுவில் எழுந்துபோய் அதைப் பார்த்துவிட்டு வந்தார். அப்புறம் கொக்கியாகவே பிறந்தது. கதவுக்குப் பின்னால், ஜன்னலுக்கு மேலே, எல்லா இடத்திலும் கொக்கி. வரிசையில் வீட்டுக்கு வீடு கொடுத்தார். பிரம்மநாயகத்தின் மனைவி பேராச்சி, எங்கள் வீட்டில் தொங்கவிட இனிமேல் மனுஷர்கள்தான் மிச்சம் என்று சொல்லிவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லூசியம்மாள் பூசைக்குப் போய்விட்டு வந்தபோது, சிங்கராயர் உலைக்குப் பக்கத்தில் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுளுக்கிக்கொண்டிருந்தது. உலைக்குள் ஒரு கம்பி பழுத்து ஆரஞ்சு நிறத்தில் கிடந்தது.

"லூசி, சுத்தியல எடு. நான் பிடிக்கேன், நீ அடி."

"நான் பூசைக்குக் கட்டுன சேலையில நிக்கேன்."

"கம்பி வீணாப்போவுது."

வீணாவது என்ற சொல் அந்த அம்மாளுக்கு ஆகாது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சுத்தியலை எடுத்தார். முதல் அடி பட்டடையின் ஓரத்தில் விழுந்தது. இரண்டாவது இரும்பின்மேல் விழுந்தது. இரும்பு அமுங்கியது. அமுங்கியது என்பதை அவருடைய முழங்கை உணர்ந்தது, தோள் உணர்ந்தது. அது எப்படி என்று கேட்டால் அவரால் சொல்லியிருக்க முடியாது. மறுபடி அடித்தார். பொறி பறந்தது. சிங்கராயர் கம்பியைத் திருப்பத் திருப்ப, மெஷினில் மிதிப்பது மாதிரி ஒரே சீராக அடித்துக்கொண்டே போனார். கம்பி கறுத்தபின்னும் அடித்தார். போதும் என்று கணவர் சொன்னபோது லூசியம்மாளுக்கு மூச்சு இரைத்தது. கொண்டையெல்லாம் அவிழ்ந்து கிடந்தது.

"இன்னொரு கம்பி இருக்கா?" என்று கேட்டார்.

அன்றிலிருந்து அவர் பிடிப்பது, அந்த அம்மாள் அடிப்பது என்று ஆயிற்று. சிங்கராயருக்குக் கை சரியான பிறகும் சுத்தியல் அவரிடம் திரும்பி வரவில்லை. கேட்டுப் பார்த்தார்; அடுத்த கம்பிக்குத் தருகிறேன் என்பார் லூசியம்மாள். அடுத்த கம்பியும் போய்விடும்.

டிசம்பர் தொடக்கத்தில், தைத்த ரவிக்கைகளைக் கொடுக்க லூசியம்மாள் மாட்டுங்காவில் ஒரு வீட்டுக்குப் போனார். கூடத்தில் ஊஞ்சல் இருந்தது. அதில் உட்காரச் சொல்லிவிட்டு அந்த வீட்டுக்காரி ரவிக்கையைப் போட்டுப்பார்க்க உள்ளே போனாள். திரும்பி வந்து கை கொஞ்சம் இறுக்கம் என்று சொன்னாள். லூசியம்மாளுக்குக் காதில் விழவில்லை. கால் விரலால் தரையை உந்தி ஆடிக்கொண்டிருந்தார். திரும்பும் வழியில் ஒரு கடையில் ஊஞ்சல் சங்கிலி விலை கேட்டார். கேட்டதும் வெளியே வந்துவிட்டார்.

வீட்டுக்குள் நுழையும்போதே சொன்னார்: "நமக்கு ஒரு ஊஞ்சல் அடிப்போம்."

சிங்கராயர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "நாம கொக்கிதான அடிச்சிருக்கோம்?"

"ஊஞ்சலுன்னா என்ன, நீளமான கொக்கிதான."

ரஹ்மத்துல்லாவிடமிருந்து கட்டிடக் கம்பித் துண்டுகள் வந்தன. ஒவ்வொரு கம்பிக்கும் இரண்டு நுனியிலும் வளையம் வளைத்து, ஒன்றை ஒன்றில் கோத்து, புளியமரத்தின் தடித்த கிளையில் சாக்குச் சுற்றி மாட்டினார்கள். பலகை ஒரு பழைய கதவின் பாதி. சோதித்துப் பார்க்கப் பிரம்மநாயகத்தைக் கூப்பிட்டார்கள்.

"மயினி, நான் ஒக்காந்து தாங்கிச்சுன்னா பம்பாயில எவன் ஒக்காந்தாலும் தாங்கும்" என்று சொல்லிவிட்டு அவர் அமர்ந்தார். தாங்கியது. லேசாக ஆடினார். அப்புறம் பஸ்ஸில் கியர் மாற்றுவதுபோலக் கையை அசைத்துக்கொண்டு கொஞ்சம் வேகம் பிடித்தார். மேலே ஒரு வளையம், அவசரமே இல்லாமல், வாயைத் திறந்தது. பிரம்மநாயகம் சருகுக் குவியலின்மேல் உட்கார்ந்த மேனிக்கு இறங்கினார். பேராச்சி ஓடிவந்து புருஷனைப் பார்த்தாள், மரத்தைப் பார்த்தாள்.

"டீ போட்டாச்சா, மயினி?" என்றார் அவர், தரையிலிருந்தே.

அதற்குமேல் யாராலும் அடக்க முடியவில்லை. பேராச்சி மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிங்கராயருக்குக் கண்ணில் நீர் வந்தது.

லூசியம்மாள் மட்டும் அந்தத் திறந்த வளையத்தைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் செபமாலை சொல்லும்போது பாதியில் நிறுத்திவிட்டார். பதில் சொல்ல வேண்டிய சிங்கராயர் கண்ணைத் திறந்து பார்த்தால், மனைவி மாலையை விளக்குக்கு நேரே பிடித்திருந்தார்.

"இதப் பாருங்க. நூல் மாதிரி கம்பி. கலியாணத்துல இருந்து இழுத்துக்கிட்டிருக்கேன், ஒரு மணி கழண்டிருக்கா?"

சிங்கராயர் பார்த்தார். ஒவ்வொரு மணிக்கும் வளையம் வளைத்தபின், மீதிக் கம்பியை வளையத்தின் கழுத்திலேயே சுற்றியிருந்தார்கள். இழுத்தால் திறக்க அதற்கு வாயே இல்லை. முதலில் செபத்தை முடித்துக்கொள்வோமா என்று கேட்டார். முடித்தார்கள், கொஞ்சம் வேகமாகவே முடித்தார்கள்.

தடித்த கம்பியைக் கழுத்தில் சுற்றுவது நூல் கம்பியைச் சுற்றுவது போல் இல்லை. ஒரு சுற்றுக்குள் ஆறிவிடும். மறுபடி உலை, மறுபடி சுற்று. துருத்திக்குப் பேராச்சி வந்து நின்றாள். அவளுக்கு ஓங்கி ஓங்கி அமுக்குவதில் ஒரு ருசி பிடித்துவிட, சில சமயம் உலையிலிருந்து தீ பூத்துச் சிங்கராயரின் மீசைவரை வந்து போயிற்று. பிரம்மநாயகம் நீளக் குறடால் கம்பியின் மறுமுனையைப் பிடித்தார். தான் விழுந்த ஊஞ்சலைத் தானே எழுப்ப வேண்டும் என்பது அவர் கட்சி. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் அந்த முற்றத்தில் நாலு பேரும் கரி அப்பிய முகத்தோடு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே வேலை செய்தார்கள். முறுக்குச் சுட எடுத்து வைத்திருந்த நாளும் அதிலேயே போயிற்று. முறுக்கைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்றார் லூசியம்மாள். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததைச் சிங்கராயர் அதற்குமுன் கேட்டதில்லை.

கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம் ஊஞ்சல் மறுபடி தொங்கியது. பிரம்மநாயகம் யாரையும் முதலில் உட்கார விடவில்லை. உட்கார்ந்தார், ஆடினார், தரையில் காலை உந்தி இன்னும் ஆடினார். கம்பிகள் கிறீச்சிட்டன. வளையங்கள் இருந்தபடியே இருந்தன. பிறகு அவருக்குப் பக்கத்தில் சிங்கராயரையும் ஏற்றிப் பார்த்தார்கள். புளியமரம்தான் இலையைக் கொட்டியது.

வரிசையே வந்துவிட்டது. பிரியாணி சாப்பிட வந்தவர்கள் வாசல் வழியாக நுழைந்து சாப்பிடாமல் முற்றத்துக்கு வந்தார்கள். கம்பியை எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று ஒருவர் கேட்டதற்கு, என் வீட்டுக்காரி அடித்தது என்று சிங்கராயர் சொன்னார். கேட்டவருக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னார். கேட்காதவர்களுக்கும் சொன்னார்.

கூட்டம் குறைந்த பிறகு லூசியம்மாள் பலகையில் ஏறி நின்றார். எதிரே பேராச்சியும் ஏறினாள். இருவரும் கம்பியைப் பிடித்து மாறி மாறி முழங்காலை மடக்கி உந்தினார்கள். புதுச் சேலைகள் படபடத்தன. மதிலுக்கு மேலே ஒருமுறை அடுத்த தெருவின் மாடியில் காய்ந்த துணிகள் தெரிந்தன. இன்னொருமுறை டிராம்பே மலை தெரிந்தது. நாற்பது வயதைத் தாண்டியவள் இப்படி ஆடலாமா என்ற நினைப்பு லூசியம்மாளுக்குப் பாதி வந்தது. மீதி வருவதற்குள் பலகை மறுபடி மேலே போய்விட்டது.

"இன்னும் கொஞ்சம் தள்ளுங்க" என்றார் கணவரிடம்.

சிங்கராயர் தள்ளினார்.

இறங்கியபோது இரண்டு பேருக்கும் தரை நிற்கவில்லை. ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு நாலடி நடந்து, கோணலாக இன்னும் நாலடி நடந்து, புளியஞ்சருகில் பொத்தென்று உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தும் சிரிப்பு நிற்கவில்லை. சிங்கராயர் தண்ணீர்ச் செம்போடு ஓடினார். திரும்பிப் பார்த்தால், ஊஞ்சலில் அதற்குள் பிரம்மநாயகம் உட்கார்ந்திருந்தார்.