ரிசர்வ் புளிசோறு

"முடிச்ச பாத்தியாயா? காத்தால நான் எப்டி போட்டனோ அப்டியே கீது."

"இறுக்கிக் கட்டிட்டியோ இன்னாவோ. அவங்களுக்கு அவுக்க வந்துருக்காது."

"மூணு வாரமாவா அவுக்க வரல?"

ஜெயவேல் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். புளியந்தோப்புக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில், அந்த ஞாயிறு பிற்பகல், அவன் மனைவி சொக்கம்மாள் அடுப்பு மேடைமேல் இருந்த குண்டானையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூடியைச் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டிய குண்டான். உள்ளே முப்பது பேர் சாப்பிடக்கூடிய புளிசோறு. ஒரு பருக்கை குறையவில்லை.

"ரிசர்வ்ல வெச்சிருந்தாங்களாம்மே. பத்தாம போனா எடுக்கறதுக்கு."

கட்டிலில் படித்துக்கொண்டிருந்த மகள் மகிழினி தலையைத் தூக்கவில்லை. "காலேஜ்ல நம்மளப் பாத்து ரிசர்வ்ல வந்தவங்கன்றாங்க. இங்க நம்ம சோத்தையும் ரிசர்வ்ல போட்டுட்டாங்க. சலுகைக்கு ஒரு கொறையும் இல்ல நைனா."

"நீ சும்மா கெட" என்றான் ஜெயவேல். சத்தமில்லாமல்தான் சொன்னான்.

காலடிப்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்கட்டில் ஞாயிறுதோறும் நடந்தது 'நிறைகலயம்' உணவு வங்கி. குடும்பம் குடும்பமாக வந்து சேவை செய்வதுதான் அதன் விசேஷம். ஜெயவேல் கன்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டுகிறவன். அங்கே அவனுக்கு ஆபீசரான திலீப்தான், "நீங்களும் ஃபேமிலியோட வாங்க, மனசுக்கு நிறைவா இருக்கும்" என்று அழைத்தார். ஒரு குடும்பம், ஒரு பாத்திரம், வீட்டுச் சமையல், சுத்த சைவம். சொக்கம்மாள் அதற்கென்றே புதுக் குண்டான் வாங்கினாள். கறி வாசனையே அறியாத குண்டான் என்று யாரும் கேட்காமலே எல்லோரிடமும் சொன்னாள்.

யாரும் கேட்கவில்லைதான். திலீப்பின் மனைவி உதயாவுக்குப் பூகோளத்தில்தான் ஆர்வம். "வீடு புளியந்தோப்பா? புளியந்தோப்புல எந்தப் பக்கம்?" என்றாள். சொக்கம்மாள் சொன்னாள். "ஓ, அந்தப் பக்கமா" என்று உதயா சிரித்தாள். அன்றோடு பூகோளப் பாடம் முடிந்தது.

மண்டபத்து வாசலில் 'பசிக்கு ஜாதி இல்லை' என்று பெரிய பேனர். சோற்றைப் பற்றி பேனர் ஒன்றும் சொல்லவில்லை.

மேசைமேல் உதயாவின் சாம்பார் சாதம், ரோஸ்மேரியின் தேங்காய் சாதம், ஜீஷான் வீட்டுக் குஸ்கா. மூன்று மதங்களும் தோளோடு தோள் நின்று பரிமாறின. அந்த ஒற்றுமை எவ்வளவு உறுதியானது என்றால், மேசைக்கு அடியில் கிடந்த நாலாவது பாத்திரத்தை மூன்றில் ஒன்றுகூடக் குனிந்து பார்க்கவில்லை. சொக்கம்மாளுக்குத் தட்டு கழுவும் சேவை. "உங்க கை ரொம்பச் சுத்தம்" என்று உதயா அடிக்கடி பாராட்டினாள். கழுவுவதற்கு அந்தச் சுத்தம் போதும்.

இதில் யாரையும் குறை சொல்ல முடியாது, எல்லாம் விதிப்படிதான். ஒவ்வொரு பாத்திரத்திலிருந்தும் ஒரு வாய் உள்ளங்கையில் வாங்கி உதயா ருசி பார்த்து, தாளில் டிக் போட வேண்டும். அப்புறம்தான் பரிமாறலாம். ஏழைகளின் பாதுகாப்பு முக்கியம் இல்லையா? சொக்கம்மாளின் குண்டான் வந்த முதல் வாரம் உதயாவுக்கு வயிறு சரியில்லை. இரண்டாம் வாரம் விரதம். மூன்றாம் வாரம் பல்வலி. மற்ற மூன்று பாத்திரங்களையும் ருசி பார்த்து முடித்த பிறகுதான், பாவம், இந்த உபாதைகள் எல்லாம் வந்தன.

ருசி பார்க்காதது ரிசர்வ் ஆனது. ரிசர்வ் ஆனது வீடு திரும்பியது. மூன்றாவது மாடி முழுக்க மூன்று ஞாயிறாகப் புளிசோறு. "இன்னாக்கா, அங்க யாருக்கும் பசிக்கலியா?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டதுதான் சொக்கம்மாளுக்கு நெஞ்சில் தைத்தது.

"அடுத்த வாரம் போவ வேணாம்மே" என்றான் ஜெயவேல்.

"போவணும். பத்தாம போனா எடுப்பாங்கன்னு சொன்னாங்க இல்ல? பத்தாம போற வரிக்கும் போவணும்."

நாலாவது ஞாயிறே சோறு பத்தாமல் போனது. அந்த வாரம் முழுக்கக் கடல் சரியில்லை, படகு எதுவும் இறங்கவில்லை. நெட்டுக்குப்பத்திலிருந்து குடும்பங்கள் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கிக்கொண்டே இருந்தன. ஒன்றே கால் மணிக்கு மூன்று பாத்திரங்களும் அடி தெரிந்துவிட்டன. வரிசையில் இன்னும் இருபது பேர்.

"முடிஞ்சிடுச்சும்மா. அடுத்த வாரம் கொஞ்சம் சீக்கிரமா வாங்க" என்றாள் உதயா.

வரிசையின் முன்னால் நின்ற வியாகுலம்மாள் மீன் விற்கிறவள். தராசு முள்ளையே நம்பாத கண் அவளுக்கு. "மேசைக்கி அடில ஒரு குண்டான் கீதே, அது இன்னாது?"

"அது ரிசர்வ்மா."

"எதுக்கு ரிசர்வு? நாங்க இன்னும் நல்லா பசியாவட்டும்னா?"

வரிசை சிரித்தது. ரோஸ்மேரி காலிப் பாத்திரத்தைச் சுரண்ட ஆரம்பித்தாள். திலீப்புக்கு அவசரமாக ஒரு போன் வந்தது. மணி அடித்ததை மட்டும் யாரும் கேட்கவில்லை.

தட்டு கழுவிக்கொண்டிருந்த சொக்கம்மாள் கையை முந்தானையில் துடைத்தாள். மேசைக்கு அடியில் குனிந்து குண்டானின் ஒரு காதைப் பிடித்தாள். இன்னொரு காதை ஜெயவேல் வந்து பிடித்தான். ஆபீசர் பார்க்கிறார் என்று தெரிந்துதான் பிடித்தான். குண்டான் மேசைமேல் ஏறியது. தன் முடிச்சைத் தானே அவிழ்த்தாள். நல்லெண்ணெயும் பெருங்காயமும் மண்டபம் முழுக்கப் பரவின. வியாகுலம்மாள் தட்டை நீட்டிவிட்டாள்.

"சொக்கம்மா, ருசி பாக்காம போடக் கூடாது" என்றாள் உதயா, தாழ்ந்த குரலில். "ரூல் இருக்கு. உங்களுக்கே தெரியும்."

"தெரியும்க்கா. யாருக்குமே ரூல மீறி ஒண்ணும் செய்ய வேணாம்."

சொக்கம்மாள் ஒரு கரண்டி புளிசோற்றை அள்ளினாள். வரிசையில் இருபது தட்டுகள் காத்திருந்தன. கரண்டியை அவள் மேசைக்கு இந்தப் பக்கமே திருப்பி, உதயாவின் முன்னால் பிடித்தாள்.

"கைய நீட்டுங்கக்கா. ஒரு வாய் ருசி பாத்து சொல்லுங்க."