ஆறடியில் தொடங்குகிறவன்

மூன்றாவது முறையும் நெல்ஸ் ஹோவ்லாண்டின் பெயரைக் கூவிவிட்டுக் கணிதப் பேராசிரியர் ஃபென்டன் ஒலிபெருக்கிக் குழலைத் தாழ்த்தினார். ஆள் வரவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் அவர்களுடைய கல்லூரியின் இன்னொரு அணி பேஸ்பால் ஆடிக்கொண்டிருந்தது. நெல்ஸ் அங்கே இருந்தான். இந்தப் பக்கம் உயரம் தாண்டும் போட்டிக்கும் பெயர் கொடுத்துவிட்டு, "கம்பு ஆறடிக்கு ஏறினதும் கூப்பிடுங்க, அதுக்குக் கீழ எனக்கு வேலையில்ல" என்று சொல்லிப் போயிருந்தான். இலையுதிர் காலத்தில் ஃபுட்பால், பனிக்காலத்தில் கூடைப்பந்து, இப்போது மே மாதத்தில் ஒரே பிற்பகலில் இரண்டு ஆட்டம். அயோவாவின் சோளக்காட்டில் வளர்ந்த அந்த உடம்பு எப்போதுதான் களைக்கும் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

ஆல்வின் ப்ரூயட் மணல்குழி ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். ஐந்தே முக்கால் அடியில் கம்பைத் தட்டிவிட்டு அவன் ஏற்கெனவே வெளியேறியாகிவிட்டது. பக்கத்து ஊர்க் கல்லூரியோடு ஆண்டுதோறும் நடக்கும் இந்தப் போட்டியில் முதல் இரண்டு இடத்துக்குள் வருகிறவனுக்குத்தான் கல்லூரிப் பெயரின் முதல் எழுத்தைத் தைத்த கம்பளிச் சட்டை. அவனுக்கோ வருடா வருடம் மூன்றாம் இடம். அடுத்த மாதம் படிப்பே முடிகிறது. முடிவெட்டும் கடை வைத்திருந்த அப்பா, நாற்காலியில் வந்து உட்கார்ந்த தலைகளிடமெல்லாம் இந்தத் தடவை பையனுக்குச் சட்டை நிச்சயம் என்று அளந்து வைத்திருந்தார். நெல்ஸ் வராவிட்டால் இரண்டாம் இடம் ஆல்வினுக்கு. வராமலே போகட்டும் என்று அவன் மனதார வேண்டிக்கொண்டான்.

வேலியில் ஒரு கை ஊன்றி நெல்ஸ் இந்தப் பக்கம் குதித்தான். பேஸ்பால் உடுப்பு, முழங்காலில் புல் கறை, தலையில் தொப்பி.

"சார், அங்க அடுத்ததுக்கு அடுத்து நான்தான் அடிக்கணும். ஒரே தாண்டு, ஓடிடறேன்."

"மூணு தடவ கூப்பிட்டாச்சுப்பா. இனிமே இன்னிக்குத் தாண்டின எல்லாரும் சம்மதிச்சாத்தான்."

இன்னும் போட்டியில் மிஞ்சியிருந்த எதிர்க் கல்லூரி வெண்டல் சிரித்தான். "தாண்டட்டும் சார். இப்படி மூச்சு வாங்கிட்டு என்னத்தத் தாண்டுவான்?" அவனோடு வந்து, ஆல்வினுக்கும் முன்பே வெளியேறியிருந்தவனும் தலையாட்டினான். பேராசிரியர் ஆல்வினைப் பார்த்தார்.

நெல்ஸும் பார்த்தான். திடீரென்று ஏதோ உறைத்ததுபோல அவன் முகம் மாறியது. "டேய், உனக்குச் சட்டை கிடைச்சிடும்ல?"

கிடைக்காது என்று ஒரு சொல் போதும். நெல்ஸ் அப்படியே திரும்பி ஓடிவிடுவான், அவன் அப்படிப்பட்டவன்தான். ஆல்வின் வாயைத் திறந்தான். ஆனால் இந்த ஆறடியை இந்தக் கோலத்தில் நெல்ஸ் தாண்டுவதைப் பார்க்காமல் போய்விடுவோமோ என்ற பயம், சட்டையை இழக்கும் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. அது அவனுக்கே வெட்கமாகவும் இருந்தது.

"அதெல்லாம் கிடைக்கும்டா. நீ போய்த் தாண்டு."

நெல்ஸ் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. பக்கவாட்டில் ஏழெட்டுத் தப்படி, அதுவும் யாரோ கூப்பிட்டு வருகிறவன்போல அவசரமில்லாமல். பிறகு தரை அவனை விட்டுவிட்டது. ஒரு கால் கம்புக்கு மேலே போனது, மற்றது பின்னாலேயே போனது. இரண்டுக்கும் நடுவில் அவன் மேலே உட்கார்ந்து ஊரைப் பார்ப்பதுபோல் ஒரு கணம் இருந்தான். ஆல்வின் அண்ணாந்து பார்த்தான். இப்படியும் ஒரு மனிதனால் முடியுமா, கடவுளே!

மணலில் இறங்கிய வேகத்திலேயே நெல்ஸ் வேலியை நோக்கி ஓடினான். கம்பு நின்றதா என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெண்டலின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

ஆல்வின் எழுந்து கம்புக்கு அடியில் போய் நின்றான். அது அவன் உச்சந்தலைக்கு மேலே நான்கு விரல் உயரத்தில் இருந்தது. வேலிக்கு அப்பால் மட்டையில் பந்து பட்ட ஓசை வந்தது, பிறகு பெருங்கூச்சல்.

"ஆல்வின், ஒதுங்குப்பா. வெண்டல் தாண்டணும்" என்றார் பேராசிரியர்.

அவன் காதில் விழுந்தது. ஆனாலும் கையை உயர்த்தி, கம்பைத் தொடாமல், அதற்கு மேலிருந்த வெறும் காற்றில் உள்ளங்கையை வைத்தபடி நின்றான்.