பதினேழாம் கேள்விக்குப் பூஜ்யம்

பதினேழாம் கேள்வியின் கட்டம் சிவப்பாகிவிட்டது. கணினியைக் குறை சொல்ல முடியாது. அப்படிச் சிவக்க வேண்டும் என்று விதி எழுதியவளே நான்தான். டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களின் வைத்தியத்துக்கு உண்மையில் எவ்வளவு செலவாகிறது என்பது எங்கள் ஆய்வு. மருந்துக்கும் ஆட்டோவுக்கும் போன பணத்தை எல்லோரும் எழுதுகிறார்கள், கூட இருந்து பார்த்துக்கொள்கிறவர்களின் நேரத்தை யாரும் எழுதுவதில்லை என்று கூட்டத்தில் மல்லுக்கு நின்று இந்தக் கேள்வியைச் சேர்க்க வைத்தேன். ஒரு நாளில் உங்களுக்காக வீட்டில் இன்னொருவர் எத்தனை மணி நேரம் செலவிடுகிறார்? பூஜ்யம் என்று பதில் வந்தால் நம்பக் கூடாது, போன் செய்து மறுபடி கேட்க வேண்டும்.

இந்தப் பூஜ்யம் எங்கள் வீட்டிலிருந்து வந்திருந்தது.

ஆய்வுக்கு ஆள் எடுத்த குலுக்கலில், டயாலிசிஸ் செய்துகொள்ளும் என் அண்ணன் பெயர் விழுந்தபோது ஆபீசே சிரித்தது. கேள்வி கேட்க என்னோடு வேலை பார்ப்பவள் வந்தாள். வீட்டு ஆட்கள் பக்கத்தில் இருக்கக் கூடாது என்பதால் நான் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். அப்பா அம்மா போனபின் வீட்டில் நாங்கள் இருவர்தான். வாரத்தில் மூன்று நாள் அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் காத்துக்கிடப்பவள் நான். ஊசி எடுத்த இடத்தை அழுத்திப் பிடிப்பதும், குடிக்கும் தண்ணீரை அளந்து கொடுத்துத் திட்டு வாங்குவதும் நான். பூஜ்யமாம். 'தங்கச்சி இருக்கா' என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்?

இதை வேறு யாராவது சரிபார்க்கட்டும் என்று மேலதிகாரியிடம் கேட்டேன். அந்த வேலைக்கு நீ ஒருத்திதானே, இன்றைக்குள் முடித்துவிடு என்றார், தலையைத் தூக்காமல். எனக்கும் இன்றுதான் கடைசி நாள். வெளியூரில் இரண்டு வருட மேல்படிப்புக்கு இடம் கிடைத்த கடிதம் மூன்று வாரமாகக் கைப்பையில் கிடக்கிறது. ஐந்து மணிக்குள் பதில் எழுத வேண்டும். அண்ணனிடம் மூச்சு விடவில்லை.

ஆபீஸ் போனில் அண்ணனைக் கூப்பிட்டு, தாளில் உள்ளபடியே, முன்பின் தெரியாதவரிடம் கேட்பதுபோல் கேட்டேன்.

"பூஜ்யம்னுதானே சொன்னேன். அப்படியே எழுது."

"கம்ப்யூட்டர் ஏத்துக்கலண்ணா."

"அன்னிக்கு உன் பையில மருந்துச்சீட்டைத் தேடுறப்ப அந்த லெட்டரைப் பாத்தேன்," என்றான். "ஆறு மணி நேரம்னு நான் சொல்லிட்டா நீ எப்படிக் கிளம்புவே? நான் சமாளிச்சுக்குவேன். போ."

நானே ஒருநாளும் கூட்டிப் பார்த்ததில்லை. அவன் எண்ணி வைத்திருக்கிறான்.

"லைன்ல இருக்கியா?" என்றான். "வரும்போது பிளாஸ்திரி வாங்கிட்டு வந்துடு, தீந்துபோச்சு. நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு ஏழு மணிக்கே வரச் சொல்லிட்டாங்க, நேரத்தோட எழுப்பிவிடு."

சரி என்று சொல்லிப் போனை வைத்தேன். போ என்று சொன்ன வாயாலேயே என்ன கேட்டோம் என்று அவனுக்கே தெரிந்திருக்காது. கோபப்படக்கூட முடியவில்லை.

கட்டத்தில் ஆறு என்று அடித்தேன், வெளுத்தது. அழித்துவிட்டுப் பூஜ்யம் போட்டேன், சிவந்தது. மணி நாலே முக்கால். பதில் கடிதத்தைத் திறந்து 'வணக்கம்' என்று அடித்தேன், அதற்கு மேல் விரல் ஓடவில்லை. கையை விரித்துப் பார்த்தேன். உள்ளங்கையில் பேனாவால் 'பிளாஸ்திரி, ஏழு மணி' என்று எழுதியிருந்தது. எப்போது எழுதினேன் என்று நினைவில்லை.