வெய்க்கோ குனியவில்லை

இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்டவர்களுக்கு ஆஸ்பத்திரியில் மூன்று கட்டளைகள் சொல்லி அனுப்புவார்கள். குனியாதே, கால்மேல் கால் போடாதே, பாதத்தை உள்பக்கம் திருப்பாதே. பைபிளில் இருக்கும் பத்தைக்கூட இர்மா இவ்வளவு கறாராகப் பிடித்துக்கொண்டதில்லை. கணவன் வெய்க்கோ உட்காரும்போதெல்லாம் அவன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அப்படியும் மூட்டு நழுவியது. காபிக் கோப்பையோடு அடுப்படியிலிருந்து திரும்பியவன் அடுத்த நொடி தரையில் கிடந்து அலறினான். அவன் பக்கத்தில் பூட்ஸ் ஒன்று கிடந்தது. இர்மாவுக்கு அது போதும்.

"பூட்ஸ் மாட்டக் குனிஞ்சியா?"

"இல்ல இர்மா. சும்மா திரும்பினேன்."

ஆம்புலன்ஸ் வந்தது. மயக்கம் கொடுத்து, காலை இழுத்து, மூட்டை உள்ளே தள்ளினார்கள். ஆபரேஷன் செய்த டாக்டர் ஹெண்ட்ரி போகிற போக்கில் எட்டிப் பார்த்தார். அமெரிக்காவில் மிச்சிகனின் வடகோடியில் அவருக்குப் பெரிய பெயர். கை அவ்வளவு வேகம், ஒருத்தரை முடித்த சூட்டோடு அடுத்தவரைத் திறந்துவிடுவார் என்று சர்ச்சில் காபி குடிக்கும்போது சொல்லிப் பூரிப்பார்கள். யாருக்கு என்ன அவசரம் என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

"நான் வச்ச மூட்டு கச்சிதமா இருக்கு," என்றார் இர்மாவிடம். "இவர்தான் குனிஞ்சிருப்பார். ஃபின்லாந்துக்காரங்க பிடிவாதம் எனக்குத் தெரியாதா என்ன?"

இர்மா சிரித்தாள். வெய்க்கோ அவள் முகத்தையே பார்த்தான்.

அன்றிலிருந்து அவன் சொந்த வீட்டிலேயே கைதியானான். கொல்லையில் இருந்த நீராவிக் குளியலறையில் உட்காரும் பலகை தாழ்வு, இடுப்பு மடங்கும் என்று இர்மா பூட்டுப் போட்டாள். சனிக்கிழமைதோறும் அங்கே வியர்த்துக் குளிக்காவிட்டால் அவனுக்கு வாரம் முடிந்ததாகவே இராது. உறைந்த ஏரிமேல் மீன் பிடிக்க அவன் வைத்திருந்த சின்னக் குடிசையை, வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்காருவான் என்று, அவன் தம்பி அர்வோவுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

"என்னண்ணே, அண்ணி உன்னை முளையடிச்சுக் கட்டிட்டாங்க போல?" என்று அர்வோ கேலி செய்தான். "ஒழுங்கா புல்லாவது போடறாங்களா?"

"நான் குனியலடா."

"சரி சரி, நம்பிட்டேன்," என்று அர்வோ கண்ணடித்தான்.

அடுத்த தடவை படுக்கையில் புரளும்போது நழுவியது. முழங்கால்களுக்கு நடுவில் வைக்கும் தலையணை தரையில் கிடந்தது.

"தூக்கி எறிஞ்சியா? உன்னைக் காவல் காத்தே நான் செத்துப்போயிடுவேன்!"

"தூக்கத்துல விழுந்திருக்கும். நான் ஏன் எறியப் போறேன்?"

"பொய். வாயைத் திறந்தாலே பொய்."

அத்தனை வருட தாம்பத்தியத்தில் அவள் அந்த வார்த்தையை அவனிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. அவனுக்குக் கோபம்கூட வரவில்லை. மூன்றாம் தடவை நழுவியபோது அவன் அலறவும் இல்லை, எப்படி நழுவியது என்று விளக்கவும் இல்லை. அவள் கேட்டதற்கெல்லாம் "ஆமா, குனிஞ்சேன்" என்று சொல்லிவிட்டான். பார்த்தாயா, கடைசியில் ஒப்புக்கொண்டான் என்று அவள் மகளிடம் போனில் சொன்னாள்.

ஹெண்ட்ரி கைகழுவிவிட்டார். வேறு ஊரில் டாக்டர் நாடோ என்ற இளம்பெண் மறுபடி திறந்து பார்த்தாள். முடிந்ததும் வெளியே வந்து இர்மாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"முதல் ஆபரேஷன் பின்பக்கமா திறந்து செஞ்சது. அப்படி உள்ள போகணும்னா மூட்டைச் சுத்தியிருக்கற உறையையும் அதை ஒட்டின சின்னத் தசைகளையும் வெட்டித்தான் ஆகணும். மூடறப்போ அதையெல்லாம் இழுத்து எலும்போட சேர்த்துத் தைக்கணும். அதுதான் மூட்டு பின்னால நழுவாம தடுக்கற சுவர். இவருக்கு அந்தச் சுவரே இல்ல."

"தையல் பிரிஞ்சுபோச்சா?"

"பிரிஞ்சிருந்தா நூலாவது இருக்கும். போடவே இல்ல. தானா ஒட்டிக்கும்னு விட்டுடறவங்க இருக்காங்க. கொஞ்ச நேரம் மிச்சமாகும்."

"அப்போ, அவர் குனிஞ்சதால..."

"குனியணும்னே இல்லம்மா. சும்மா திரும்பினாலே போதும். இப்போ மிச்சமிருந்த தசையை வச்சுத் தைச்சிருக்கேன். முதல்லயே தைச்சிருந்தா இங்க வர வேண்டியிருந்திருக்காதுன்னுதான் நினைக்கறேன்."

மிச்சம் பிடித்த நேரத்தில் அந்த ஆள் என்னத்தைச் சாதித்தான்? இன்னொரு இடுப்பைத் திறந்திருப்பான். ஹெண்ட்ரியை மனதுக்குள் கண்டபடி திட்டினாள். ஆனால் பூட்டுப் போட்டது ஹெண்ட்ரி இல்லை. பொய்யன் என்றதும் ஹெண்ட்ரி இல்லை. அதை நினைத்ததும் திட்டுவதை நிறுத்திவிட்டாள்.

வெய்க்கோ கண்விழித்ததும் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ குனியவே இல்ல. நீ சொன்னதெல்லாம் நிஜம். டாக்டர் சொல்லிட்டாங்க. உள்ள தைக்கவே இல்லையாம்."

அவன் அவள் பக்கம் தலையைத் திருப்பினான்.

"ஒரு டாக்டர் சொன்னாருன்னு என்னைப் பொய்யனாக்கின. இப்போ இன்னொரு டாக்டர் சொன்னாங்கன்னு நல்லவனாக்கற," என்றான். "நடுவுல நானும் சொன்னேனே, இர்மா."

நம்புகிறேன் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்கு இனி என்ன மதிப்பு என்று அவளுக்கே தெரிந்திருந்தது. அவன் தன் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, நர்ஸைக் கூப்பிடும் பொத்தானை அழுத்தினான்.