ஓசையில்லாமல் வருகிறவன்

கண்ணாடிக்காரர் மாடிப்படியில் கால் வைத்ததும், மூன்றாவது மாடியில் அவர் வீடு மூச்சை நிறுத்திக்கொள்ளும்.

அதுவரைக்கும் அங்கே கலகலப்பாகத்தான் இருக்கும். பாத்திரம் உருளும். குழாய்த் தண்ணீர் இரையும். மகள் பாடத்தை உரக்கப் படிப்பாள், நடுநடுவே அம்மாவிடம் எதற்காவது சிணுங்குவாள். தெருவில் நின்று அண்ணாந்தாலே ஜன்னல் வழியாக எல்லாம் காதில் விழும். அவர் ஏறத் தொடங்கியதும் கத்தரித்தது போல அத்தனையும் நின்றுவிடும். பிறகு ஒரு நாற்காலி நகரும். பிறகு உள்ளறையின் தாழ்ப்பாள் விழும். அவர் கதவைத் தட்டும்போது உள்ளே ஆள் இருப்பதற்கான அடையாளமே இருக்காது.

"பேய் பூந்த வீடு மாதிரி அடங்கிப்போகுதுண்ணே," என்றார் ஒருநாள், கூட வந்த டிரைவர் அண்ணனிடம்.

"பூந்துட்ட பேய்க்கு வீடு அப்படி அடங்காது தம்பி. படியேறி வர்ற பேய்க்குத்தான் அடங்கும்."

வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் இருவருக்குமே சிரிப்பு வரவில்லை.

டிரைவர் அண்ணன் ஒரு காலத்தில் ஆம்புலன்ஸ் ஓட்டியவர். குடித்துவிட்டும் ஓட்டியதாக அவரே சொல்வார். சொல்லும்போது யார் முகத்தையும் பார்க்க மாட்டார். இப்போது முழங்கால் தேய்ந்து, நடக்கும்போது 'டக் டக்'கென்று எலும்பு சத்தம் போடும். குடும்ப உதவி மையத்தில் அவருக்கு வேலை வழித்துணை. குடியை விட்டவர்களை மாலையில் வீடு வரைக்கும் கொண்டுபோய், சாப்பிட்டு முடித்ததும் மையத்துக்குத் திரும்ப அழைத்து வருவது. வழியில் இரண்டு மதுக்கடைகள். அவற்றைத் தாண்டும்போது அண்ணனின் பேச்சு வேகம் பிடிக்கும். உறவுக்காரர் சண்டை, பல்வலி, பக்கத்து வீட்டு நாய், எதை வேண்டுமானாலும் எடுத்து விடுவார்.

"என் தொணதொணப்புலேர்ந்து தப்பிச்சாப் போதும்னு நீ வேகமா நடப்பே பாரு, அதான் வைத்தியம்," என்பார்.

மையம் பழைய மரக்கடை ஒன்றின் மாடியில் இருந்தது. கண்ணாடிக்காரர் குடித்துச் சீரழிந்த நாட்களில் அவர் வீட்டு அடுப்பு எரிந்ததே அங்கிருந்து வந்த மளிகைப் பையால்தான். அவர் மனைவிக்குத் தையற்கூடத்தில் வேலை வாங்கித் தந்ததும், மகளின் படிப்பு நடுவில் நிற்காமல் பார்த்துக்கொண்டதும் அவர்கள்தான். கடைசியில் ஒருநாள் ஒரு பேருந்து நிழற்குடையிலிருந்து அவரையும் தூக்கிக்கொண்டு போனார்கள். அதெல்லாம் நடந்து மாதங்கள் ஆகிவிட்டன. இப்போது பகலில் பழைய கண்ணாடிக் கடையிலேயே வேலை. கை நடுக்கம் முழுசாகப் போகாததால் முதலாளி அவரை வெட்ட விடவில்லை. வெட்டிய கண்ணாடிகளுக்கு நடுவே தாள் வைத்து அடுக்குவதோடு சரி. படுக்கை, மையத்தின் மேல்தளத்தில் மற்ற ஆண்களோடு.

வீட்டிலேயே தங்க வேண்டுமென்றால்? அதற்கு, மையத்தை நடத்தும் அக்கா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"உங்க மனைவி சரின்னுட்டாங்க. பொண்ணு இன்னும் சொல்லல. அவளும் அந்த வீட்டுலதானே தூங்கணும்? அவ வாயால சொல்ற அன்னைக்குப் படுக்கையைச் சுருட்டிட்டுக் கிளம்புங்க. நான் தடுக்க மாட்டேன்."

பதினைந்து வயது மகள் வாய் திறக்கவில்லை. அப்பா சாப்பிட்டுப் போகும்வரை உள்ளறையை விட்டு வெளியே வருவதும் இல்லை.

கண்ணாடிக்காரர் யோசித்துப் பார்த்தார். குடித்த நாட்களில் அவர் செருப்பைத் தேய்த்துக்கொண்டும் சுவரில் இடித்துக்கொண்டும் ஏறுவது கட்டடம் முழுக்கக் கேட்கும். அந்தச் சத்தம்தான் பிள்ளையின் நெஞ்சில் தங்கிவிட்டது. அது இல்லாவிட்டால்? மறுநாள் கீழேயே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். முன்பாதத்தை மட்டும் ஊன்றிப் பூனை போல ஏறினார். கடவுளே காதில் வந்து சொன்ன யோசனை என்று நினைத்து, மனதுக்குள் நன்றியும் சொல்லிக்கொண்டார்.

மேலே குழாய் நிற்கவில்லை. மகளின் குரல் நிற்கவில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வாசலில் நின்று அந்தக் குரலைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, மெதுவாகக் கதவைத் தட்டினார்.

உள்ளே ஏதோ விழுந்து உடைந்தது. மகள் அலறினாள். அவர் சாமான்களைப் போட்டு உடைத்த நாட்களில்கூட அவள் அப்படி அலறியதில்லை.

கதவைத் திறந்த மனைவியின் முகத்தில் ஈயாடவில்லை. "ஏங்க இப்படி வந்தீங்க?"

"எப்படி வந்தேன்?"

"இப்படி," என்றாள் அவள், அவர் கையிலிருந்த செருப்பைப் பார்த்து. உள்ளறைக் கதவுக்குப் பின்னால் கட்டிலை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

போகப் போகப் பழகிவிடும் என்று நினைத்தார், பாவம். நல்லது செய்கிறோம் என்ற நம்பிக்கை இருக்கிறதே, அது மனிதனை எதையும் கவனிக்க விடாது. நாளுக்கு நாள் இன்னும் மெதுவாக, இன்னும் பதமாக ஏறினார். மகள் உரக்கப் படிப்பதை விட்டாள். பிறகு மாலையில் மின்விசிறி போடுவதையும் விட்டாள். அதன் இரைச்சலில் எதுவும் கேட்காமல் போய்விடுமாம்.

சனிக்கிழமைகளில் மையத்தில் குடும்பங்கள் வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசக்கூடாது. அம்மாவோடு எப்போதும் வந்து சும்மா உட்கார்ந்திருக்கும் மகள், அந்தச் சனிக்கிழமை தரையைப் பார்த்தபடி ஆரம்பித்தாள்.

"எங்க அப்பாவுக்கு ரெண்டு நடை. ஒண்ணு செருப்பு தேயும், சுவத்துல இடிக்கும். அது வந்தா கத்தும், உடைக்கும், அப்புறம் விழுந்து தூங்கிடும். அதை நாங்க சமாளிச்சிடுவோம். தாழ்ப்பாள் போட நேரம் இருக்கும்."

"இன்னொண்ணு?" என்றார் அக்கா.

"அதுக்குச் சத்தமே இருக்காது. எனக்கு அன்னைக்குக் காய்ச்சல். மத்தியானம். அம்மா வேலைக்குப் போயிருந்தாங்க. கண்ணை மூடிட்டுப் படுத்திருந்தேன். படியும் கேக்கல, கதவும் கேக்கல. காதுகிட்ட விரல் பட்டப்பத்தான் ஆள் நிக்குதுன்னே தெரிஞ்சுது. தோட்டைக் கழட்டுச்சு. அப்புறம் தலையை மெதுவா, வலிக்காம அந்தப் பக்கம் திருப்பி, இன்னொரு தோட்டையும்."

"நீ தூங்கிட்டு இருந்தியேம்மா," என்றார் கண்ணாடிக்காரர். தன்னை அறியாமல் வந்துவிட்டது. குறுக்கே பேசியதற்காக அவரை யாரும் அதட்டவில்லை.

"முழிச்சிட்டுதான் இருந்தேன்." அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "அன்னைக்கு உங்க கை நடுங்கவே இல்லப்பா."

வட்டத்தில் இருந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். டிரைவர் அண்ணன் தன் முழங்காலைத் தடவிக்கொண்டார்.

"இப்போ செருப்பைக் கழட்டிட்டு வர்றீங்கல்ல? அப்போ வர்றது அதுதான். நீங்க வரல. தினமும் அது வருது."

ஒருவர் மனம் திருந்தினால் அவர் செய்ததெல்லாம் கூடவே திருந்திவிடும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அப்படி நடப்பதில்லை. செய்தது விட்ட இடத்திலிருந்தே கிளம்பி, பழைய விலாசத்தைத் தேடி வந்துகொண்டேயிருக்கும்.

கண்ணாடிக்காரருக்கு மன்னிப்புக் கேட்க நா எழவில்லை. அந்தச் சொல்லை அவர் குடித்த காலத்திலேயே தேயத் தேயப் பயன்படுத்தியிருந்தார். "நான் எப்படிம்மா வரணும்?" என்று மட்டும் கேட்டார்.

அவள் யோசித்தாள். அப்படி ஒன்றை அவளிடம் யாரும் கேட்டதில்லை.

"அது பேசாது," என்றாள். "நீங்க பேசிட்டே வாங்க."

அன்றிலிருந்து அந்தக் கட்டடத்து ஜனங்களுக்குப் புதுப் பொழுதுபோக்கு கிடைத்தது.

"நான்தான் வர்றேன்! செருப்பு கால்லதான் இருக்கு! இன்னைக்குக் கடைக்கு ஒரு அம்மா வந்தாங்க. 'பழைய கண்ணாடியில முகம் கிழடாத் தெரியுது, புதுசு போடுங்க'ன்னாங்க. 'புதுசுல இன்னும் தெளிவாத் தெரியும்மா, நல்லா யோசிச்சுக்குங்க'ன்னுட்டார் முதலாளி..."

முதல் மாடிப் பெரியவர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "என்னய்யா, படிக்கட்டுக்கு ரேடியோ வெச்சிருக்காங்களா?"

"ஆமாங்க. நிறுத்துறதுக்குத்தான் பொத்தான் வைக்கல, பொறுத்துக்குங்க," என்று கீழிருந்து குரல் கொடுத்தார் டிரைவர் அண்ணன்.

பேச விஷயம் தீர்ந்த நாட்களும் உண்டு. அப்போது கண்ணாடி வகைகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டு ஏறுவார். சில நாள் வெறுமனே, "ஏறிட்டிருக்கேன், ஏறிட்டிருக்கேன்," என்பார். ஒருநாள் அசதியில் பாதிப் படியில் பேச்சை விட்டார். உடனே மேலே தாழ்ப்பாள் விழுந்தது. மற்ற நாட்களில் தாழ்ப்பாள் கொஞ்சம் கொஞ்சமாகத் தாமதமானது. முதலில் அவர் இரண்டாம் மாடியைத் தொடும்போது. பிறகு வாசலை நெருங்கும்போது. பிறகு தாழ்ப்பாள் இல்லை, கதவு மட்டும் சாத்தியிருந்தது. ஒருநாள் அவர் சொன்ன ஏதோ ஒன்றுக்கு உள்ளே 'க்ளுக்'கென்று ஒரு சிரிப்பு. அதை எடுத்துக்கொண்டு போய் அன்று மையத்தில் நிம்மதியாகத் தூங்கினார்.

ஆனாலும் அவள் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலையில் மனைவி ஜன்னலில் தலையை நீட்டி, "அண்ணனும் மேல வரட்டும், நனையுறாரு பாருங்க," என்றாள். அப்படித்தான் டிரைவர் அண்ணன் முதல்முறையாக அந்த வீட்டுக்குள் வந்தார். முழங்கால் டக்டக்கென்று சத்தம் போட வந்து நாற்காலியில் உட்கார்ந்து, தலையைத் துவட்டிக்கொண்டே தன் பல்வலிக் கதையைத் தொடங்கினார். மனைவி தட்டுகளை எடுத்து வைத்தாள். உள்ளறைக் கதவு பாதி திறந்திருந்தது. மகள் அங்கிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்த டாக்டர் பல்லு புடுங்குற குறடை எடுத்துட்டு..." என்று சொல்லிக்கொண்டிருந்த டிரைவர் அண்ணன் பாதியில் நிறுத்தினார். அவர் ஒரு பேச்சைப் பாதியில் நிறுத்தியதை யாரும் பார்த்ததில்லை.

படியில் யாரோ வருகிறார்கள்.

அதைச் சத்தம் என்று சொல்ல முடியாது. முன்பாதம் மட்டும் கல்லில் ஒட்டி எடுக்கும் ஒரு மெல்லிய பிசுபிசுப்பு. ஒரு படி. நிற்கிறது. இன்னொரு படி. மழை இரைச்சலுக்கு நடுவில் அது கேட்கவே கூடாது. ஆனால் நான்கு பேருக்கும் கேட்டது.

அந்த நடையைக் கண்ணாடிக்காரர் நடந்திருக்கிறாரே தவிர, உட்கார்ந்து கேட்டதில்லை. இரண்டாம் மாடித் திருப்பத்தில் பெயர்ந்த கல் ஒன்று உண்டு, மிதித்தால் ஆடும். தெரியாதவர் யார் வந்தாலும் அதை மிதிக்காமல் வர மாட்டார்கள். வருகிறவன் அங்கே நின்றான். எடையை மாற்றிக்கொண்டான். கல்லைத் தாண்டிக் கால் வைத்தான். அது ஆடவில்லை.

மனைவி தட்டைப் பிடித்த கையோடு கல்லாகிவிட்டாள். உள்ளறையில் மகள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். ஆனால் கண்கள் மட்டும் அப்பாவைப் பார்த்தன. பிறகு கதவைப் பார்த்தன. மறுபடி அப்பாவை.

நடை வாசலுக்கு வந்து நின்றது.

ஓடி ஒளியத்தான் அவர் உடம்பு சொன்னது. இவர்கள் இத்தனை வருஷம் இங்கே உட்கார்ந்து இதைத்தானே கேட்டார்கள் என்று அப்போதுதான் தோன்றியது. 'ஆண்டவனே, கூட இரு,' என்று முணுமுணுத்துவிட்டுப் போய்க் கதவைத் திறந்தார்.

யாரும் இல்லை. படிக்கட்டு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவரும் அண்ணனும் ஏறி வந்த ஈரத் தடங்கள் தவிரப் படிகள் காய்ந்தே கிடந்தன. ஆனால் அந்த இடம் காலியாக இல்லை என்பது அவருக்குத் தெரிந்தது. எங்கே நிற்கிறான், எவ்வளவு மூச்சை அடக்குகிறான் என்பதுகூடத் தெரிந்தது.

"பிள்ளை தூங்கல," என்றார் வெறும் வாசலைப் பார்த்து. "முழிச்சிட்டுதான் இருக்கா. நானும் முழிச்சிட்டுதான் இருக்கேன். இங்க உனக்கு ஒண்ணும் இல்ல."

யாரும் இறங்கிப் போகும் ஓசை கேட்கவில்லை.

முதுகில் சட்டை இழுபட்டது. மகள் அவருக்குப் பின்னால் வந்து நின்று சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தாள்.

"அப்பா, நீங்க உள்ளதானே இருக்கீங்க?"

"உள்ளதாம்மா இருக்கேன்."

"அப்போ அது நீங்க இல்ல."

ஆமாம் என்று சொல்ல அவருக்கு எவ்வளவு ஆசை! ஆனால் அந்தப் பிள்ளையிடம் இனிமேல் எதையும் ஓசையில்லாமல் எடுத்துக்கொள்ளக் கூடாது. "நானா இருந்ததுதாம்மா," என்றார்.

அவள் பிடியை விடவில்லை. கொஞ்ச நேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க போயிட்டா அது திரும்ப வரும். அப்போ யாரு போய்க் கதவைத் திறக்கறது?" என்றவள், அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். "அப்பா இங்கயே தூங்கட்டும்மா."

மனைவி தட்டைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

டிரைவர் அண்ணன் நாற்காலியைப் பிடித்து எழுந்தார். "அக்காகிட்ட நான் சொல்லிக்கிறேன். எனக்குத்தான் இன்னைக்கு வழியில பேச ஆளில்லாமப் போச்சு," என்றார். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னதற்கு, "இருக்கட்டும்மா, இதை இப்பவே பண்ணணும்," என்றார். வாசலில் நின்றார். காலியான படிக்கட்டைப் பார்த்தார். எத்தனையோ ராத்திரிகளில் ஆம்புலன்ஸின் பின்கதவைத் திறந்து பார்த்திருப்பாரே, அந்த முகத்தோடு பார்த்தார்.

"வாப்பா," என்றார் மெதுவாக. "இங்க நிக்காத. நடந்துட்டே பேசலாம். ஒரு பல்வலிக் கதை சொல்றேன், கேளு."

அவர் இறங்கினார். டக், டக் என்று முழங்கால். விடாத பேச்சு. பேச்சுக்கும் டக்டக்குக்கும் நடுவில், கல்லில் ஒட்டி எடுக்கும் இன்னொரு பாதம், அவர் வேகத்துக்கே தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு.

"ரெண்டு பேர் இறங்குறாங்கப்பா," என்றாள் மகள்.

"ஆமாம்மா."

தெருவில் மழைச் சத்தத்தில் எல்லாம் கரையும் வரைக்கும் மூவரும் வாசலிலேயே நின்றார்கள். பிறகு சாப்பிட உட்கார்ந்தார்கள். அவர் கதவுக்கு நேராக உட்கார்ந்தார். மகள் தட்டை எடுத்துக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள், அவளும் கதவைப் பார்த்தபடி.