படத்தில் தெரிவதைச் சொல்லாதே

செய்கு முகம்மதுவின் டப்பிங் ஸ்டுடியோ ஷார்ஜாவில், முவைலா பகுதியில் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. 2006-இல் கோபாலசாமி அங்கே தமிழ் வசனம் எழுதினான். பகலெல்லாம் கிடங்கில் டூட்டி, சாயங்காலம் இது. கண் எரிந்தது, முதுகு விட்டுப்போனது. இந்த லட்சணத்தில், கறுப்பு வெள்ளையில் ஒரு சூப்பர் ஹீரோ தினமும் உலகத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தான்.

அது ஐம்பதுகளில் எடுத்த அமெரிக்கத் தொடர். அதற்கும் முன்னால் ரேடியோவில் வந்த நாடகத்தைத்தான் டிவிக்காரர்கள் எடுத்துப் போட்டிருந்தார்கள். ரேடியோவில் நடிகர் குரலைக் கனமாக்கினால் ஹீரோ, காற்றுச் சத்தம் வைத்தால் பறந்துவிடுவான். டிவியில் கம்பி கட்டித் தூக்க வேண்டும், மார்பில் பஞ்சு திணிக்க வேண்டும். இத்தனை செய்த சோம்பேறிகள் வசனத்தை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள். வில்லன் நம் கண்ணெதிரே துப்பாக்கியை நீட்டுகிறான். ஹீரோ, "ஆ! உன் கையில் துப்பாக்கி!" என்கிறான்.

கோபாலசாமி அதையும் தமிழில் எழுதிவைக்க, செய்கு முகம்மது தலையில் அடித்துக்கொண்டார்.

"தம்பி, படத்துல தெரியிறத எதுக்கு வாயால வேற சொல்லணும்? வெட்டுங்க, கலாஸ், முடிஞ்சுது."

"சரி பாய்."

ஆனால் கோபாலசாமிக்கு ரேடியோதான் பிடித்தது. கோவில்பட்டியில் இருக்கும் மனைவி ஜோதிமணிக்கு மூன்று வருடமாக அவன் வெறும் குரல்தானே. வெள்ளிக்கிழமை போனில் குரலைக் கனமாக்கிக்கொண்டு, "நல்லா சாப்பிடுறேன், உடம்பு போட்டிருச்சு, தனி ரூமு" என்பான். அவளும் நம்பினாள். உண்மையில் நெரிசலான ரூமில், சர்க்கரை வியாதியில் பாதியாக இளைத்து, முன்தலை வழுக்கையாகிக் கிடந்தான். வழுக்கைக்குப் பழியை எல்லோரையும்போல இந்த ஊர்த் தண்ணீர்மேல் போடலாம். சர்க்கரையை எதன்மேல் போடுவது?

இப்போது அவள் தெருவில் பிரவுசிங் சென்டர் வந்து தொலைத்தது. கேமராவில் பார்த்தே ஆகவேண்டும் என்றாள். பார்த்தால் உடைந்துபோவாளே என்று அவன் இரண்டு வாரம் சாக்குச் சொல்லிப் பார்த்தான்.

வெள்ளிக்கிழமை ஸ்டுடியோ கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். சட்டைக்குள் இன்னும் இரண்டு சட்டை, தலையில் தொப்பி. கம்ப்யூட்டர் வழியாகக் குரலில் பேச ஷார்ஜாவில் தடை. அதனால் படம் கம்ப்யூட்டரில், பேச்சு போனில். குரல் முதலில் போய்ச் சேர, படம் பின்னால் நொண்டிக்கொண்டு போனது.

"இந்தா பாரு, எம்புட்டுக் குண்டாயிட்டேன்! பின்னாடி பாரு, என் ரூமு. ஏசி ஓடுது பாரு..." நிறுத்தாமல் பேசினான். மூன்று சட்டைக்கும் மேலே கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது அவனுக்குத் தெரியவில்லை.

திரையில் ஜோதிமணியின் முகம் கட்டம் கட்டமாகத் தெளிந்தது. அழுதுகொண்டிருந்தாள்.

"ஒண்ணும் சொல்லாதீக," என்றாள். "தெரியுது."

கோபாலசாமி தொப்பியைக் கழற்றினான். அந்தப் படம் அவளிடம் போய்ச் சேரும்வரை இருவரும் பேசவில்லை.