மிஸ் ஆர்லீதாவின் பாத்திரங்கள்

எங்கள் வின்ஸ்லோ தெருவின் முனையில் ஒரு பலகை நிற்கிறது. சத்தமாகப் பாட்டு வைக்கக் கூடாது, நடுத்தெருவில் பந்து விளையாடக் கூடாது, தெருவில் கார் ரிப்பேர் செய்யக் கூடாது என்று பச்சைப் பெயின்டில் எழுதியிருக்கும். எழுதியவள் ஆர்லீதா. தெருச் சங்கத்துக்குத் தலைவியும் அவள்தான். கறுப்பர்கள் குடியிருக்கும் தெரு குப்பையாகத்தான் கிடக்கும் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் வாயடைத்துப் போக வேண்டும், அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். வீதியில் ஒரு மிட்டாய்க் காகிதம் கிடந்தால்கூட அவளுக்குச் சோறு இறங்காது.

ஜூன் மாதத்தில் ஒரு மத்தியானம் அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, எதிர்ப்பக்கம் நின்ற ஒரு சாம்பல் நிறக் காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அது அவளுக்குப் பழக்கமில்லாத கார். போலீஸ் ஸ்டேஷனில் அதிகாரியாக இருக்கும் லெப்டினன்ட் ஹோல்கம், தெருச் சங்கத் தலைவிகளுக்கென்றே தன் நம்பரைக் கொடுத்து வைத்திருந்தார். சின்ன விஷயம் என்றாலும் கூப்பிடுங்கள் என்று சொல்லியிருந்தார். அவளும் கூப்பிட்டாள். யாரோ ஒருவன் காருக்கு அடியில் கிடக்கிறான், ஆள் யாரென்று தெரியவில்லை என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். வந்து காரை நகர்த்தச் சொல்லுவார்கள் என்பது அவள் நினைப்பு. ஆனால் அந்தச் சமயத்தில் ஊர் முழுக்க காருக்கு அடியில் புகுந்து சைலன்சர் குழாயை அறுத்துக்கொண்டு போகிற திருட்டு நடந்துகொண்டிருந்தது. ஸ்டேஷனில் அதைத் திருட்டு என்றே எடுத்துக்கொண்டார்கள்.

அந்தக் கால்கள் ஜாவோனுடையவை. எதிர்வீட்டு வெர்னெட்டாவின் மகன். அத்தையின் காருக்கு பிரேக் மாற்றிக்கொண்டிருந்தான். வந்த போலீஸ்காரர்கள் யார், என்ன என்று கேட்கவில்லை. காலைப் பிடித்து இழுத்தார்கள், குப்புறத் தள்ளினார்கள், ஒருவன் முதுகில் முழங்காலை ஊன்றினான். தோள் எலும்பு முறிந்தது. பஸ் டிப்போவில் மெக்கானிக்காகச் சேரவிருந்த பையன், கட்டுப் போட்ட கையோடு வீட்டில் உட்கார்ந்தான். டிப்போக்காரர்கள் வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள்.

போன் செய்தது தான்தான் என்று அன்று சாயங்காலமே ஆர்லீதா என்னிடம் வந்து சொல்லிவிட்டாள். நானும் வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து அவள் சமைக்க ஆரம்பித்தாள். மக்ரோனியும் சீஸும், பன்றிக்கால் போட்ட கீரை, பீச் பழம் வைத்துச் சுட்ட இனிப்பு. எல்லாம் வெர்னெட்டா வீட்டுக்குத்தான். எங்கள் பக்கத்தில் பாத்திரத்தின் அடியில் டேப் ஒட்டிப் பேரை எழுதித்தான் கொடுத்தனுப்புவோம். வாங்கியவர்கள் அதைக் காலியாகத் திருப்ப மாட்டார்கள், நாலு பிஸ்கட்டாவது போட்டுத்தான் தருவார்கள். வெர்னெட்டாவுக்கு ஆஸ்பத்திரிக்கும் வக்கீல் வீட்டுக்கும் அலையவே நேரம் போதவில்லை. எதையும் சுட நேரமில்லாததால் பாத்திரங்கள் அவள் அடுப்படியிலேயே சேர்ந்துகொண்டிருந்தன.

சர்ச்சின் கீழ்த்தளத்தில் போலீஸையும் தெருவையும் நேருக்கு நேர் உட்காரவைத்துப் பேசவைக்கப் போவதாக பாஸ்டர் அறிவித்தார். நாற்காலிகளை வட்டமாகப் போட்டோம். சவ அடக்கக் கம்பெனி இனாமாகத் தருகிற அட்டை விசிறி ஒன்றை பாஸ்டர் கையில் எடுத்தார். விசிறி யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும் பேசவேண்டும், மற்றவர்கள் கேட்கவேண்டும், அதுதான் ஏற்பாடு.

கோழி வறுவல் தட்டை லெப்டினன்டிடம் நீட்டிக்கொண்டே கிளோவிஸ் ஆரம்பித்தார். முடிவெட்டுகிற கடை வைத்திருப்பவர், வாய் சும்மா இருக்காது.

"எடுத்துக்குங்க சார். ரெண்டு கையையும் தூக்கிட்டு மண்டி போட்டாத்தான் சோறுன்னு நாங்க சொல்லமாட்டோம்."

லெப்டினன்டும் எங்கள் நிறத்து ஆள்தான். சிரித்தார், ஆனால் கோழித்துண்டு எதையும் எடுக்கவில்லை.

விசிறி கிளோவிஸ் கைக்கு வந்ததும் சிரிப்பு போய்விட்டது. "நம்ம தெருவுல ஒருத்தர் மேல ஒருத்தர் போலீஸைக் கூப்பிட்டதே கிடையாது. போன வருஷம் யாரு குடிவந்தாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். நான் பேரைச் சொல்லல."

பேரைச் சொல்லத் தேவையில்லை. வட்டத்தில் தெருக்காரர்களில் வெள்ளைக்காரப் பெண் ஒருத்திதான் இருந்தாள். பேர் கேட்லின், நாய் வைத்திருப்பவள். விசிறி அவளிடம் போனது.

"நான் கூப்பிடல. எத்தனை தடவை சொல்றது. என் வாசல்ல முட்டையை அடிச்சிருக்காங்க. என் புருஷன் வீட்டை வித்துட்டுப் போயிடலாங்கிறாரு. நாளைக்கு புரோக்கர் வர்றாரு."

"போனா தெருவுக்கு ஒரு நாய் குறையும்" என்று பின்னாலிருந்து யாரோ முணுமுணுத்தார்கள். நாலு பேர் சிரித்தார்கள். பாஸ்டர் மேசையைத் தட்டினார்.

கிளோவிஸ் விசிறிக்குக் காத்திருக்காமல் லெப்டினன்டைப் பார்த்துக் கேட்டார். "கூப்பிட்டது யாருன்னு உங்களுக்குத் தெரியுமில்ல சார்? சொல்லிட்டா விஷயம் முடிஞ்சுது."

"புகார் சொன்னவங்களை நாங்க காட்டிக்கொடுக்கமாட்டோம். அவங்களைக் காப்பாத்தறது எங்க கடமை" என்றார் லெப்டினன்ட். சொல்லும்போது ஆர்லீதா பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பயப்படாதீர்கள் அம்மா என்பதுபோல அன்பான பார்வை. அந்தப் பார்வையில் ஆர்லீதா நாற்காலியில் இன்னும் உள்ளே ஒடுங்கினாள்.

விசிறி வெர்னெட்டாவிடம் வந்தது.

"யாரு கூப்பிட்டாங்கன்னு பேசறதுக்கு எனக்குத் தெம்பில்ல. பையன் ராத்திரி புரண்டு படுக்க முடியாம கத்தறான். ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். மிஸ் ஆர்லீதா மட்டும் இல்லன்னா நான் இந்த மாசத்தைத் தாண்டியிருக்கமாட்டேன். நான் கேக்கலை, அவங்களா கொண்டுவந்து கொடுத்தாங்க. பெத்த தாய் மாதிரி." அப்படிச் சொல்லிவிட்டு விசிறியை ஆர்லீதா கையிலேயே கொடுத்தாள்.

ஆர்லீதா அதை மடியில் வைத்துக்கொண்டாள். எதிரே கேட்லின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஆர்லீதா அவளைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அந்தப் பொண்ணு கூப்பிடல. கூப்பிட்டது நான்."

மாடியில் பாட்டுக்குழு பாடிப் பழகுவது கேட்டது.

"ரிப்பேர் பண்ணக் கூடாதுன்னு பலகையில எழுதியிருக்கோமேன்னு கூப்பிட்டேன். யாரு காருன்னு தெரியல. காலு மட்டும்தான் தெரிஞ்சுது." பிறகு லெப்டினன்டிடம் திரும்பினாள். "ஒருத்தன் காருக்கு அடியில இருக்கான்னு மட்டும்தான் சொன்னேன். திருடன்னு சொன்னேனா? ஏரிக்கரையில வெள்ளைக்காரங்க பெரிய வீடுங்க பக்கமிருந்து இதே மாதிரி போன் வந்திருந்தா, காலைப் பிடிச்சா இழுத்திருப்பீங்க?"

லெப்டினன்ட் தொப்பியை மடியில் திருப்பித் திருப்பி வைத்தார். "மாட்டோம். மொதல்ல பேரைக் கேட்டிருப்போம்" என்றார் கடைசியில்.

அந்தப் பதிலுக்காகத்தான் கூட்டமே கூடியது. ஆனால் அந்த நேரத்தில் யாரும் அவரைப் பார்க்கவில்லை. ஜாவோன் கட்டுப் போட்ட கையோடு எழுந்து நின்றான். அவன் விசிறி கேட்கவில்லை.

"மிஸ் ஆர்லீதா, உங்க வீட்டுக்கும் அந்தக் காருக்கும் நடுவுல தெரு மட்டுந்தானே. வந்து யாருப்பான்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான்தான்னு சொல்லியிருப்பேனே."

"பயமா இருந்துச்சு கண்ணு."

"எதைப் பாத்து?"

அவள் பயந்தது காலைப் பார்த்துத்தான். வேலைசெய்கிற பேன்ட் போட்ட ஒரு கறுப்புப் பையனின் காலைப் பார்த்து. வட்டத்தில் எல்லாருக்கும் அது புரிந்தது. லெப்டினன்டுக்கும் புரிந்தது.

"நீங்களுமா" என்றான் அவன். கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பாள்.

வெர்னெட்டா மகனின் நல்ல கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனாள். ஆர்லீதாவின் நாற்காலியைத் தாண்டும்போது நிற்கவில்லை. கேட்லினும் எழுந்தாள். கிளோவிஸ் போய் அவளிடம், "உன் வாசலை நான் கழுவித்தரேம்மா" என்றார். "முட்டை காஞ்சுபோச்சு, சுரண்டத்தான் வேணும்" என்று சொல்லிவிட்டு அவளும் போய்விட்டாள். கோழி வறுவல் தட்டில் அப்படியே இருந்தது.

மறுநாள் காலையில் நான் ஆர்லீதா வீட்டுக்குப் போனேன். வாசல்படியில் அவளுடைய பாத்திரங்கள் எல்லாம் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. பளபளவென்று தேய்த்துக் கழுவி, அடியில் ஒட்டியிருந்த பேர் மேலே தெரியும்படி கவிழ்த்து வைத்திருந்தது. ஆர்லீதா ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். எதிலும் ஒன்றும் இல்லை.

"கூப்பிட்டுத் திட்டியிருக்கலாம்" என்றாள்.

"நான் வேணா போய்ப் பேசட்டுமா?"

"நீ அன்னிக்கே பேசியிருக்கணும். நானும்தான்."

பாத்திரங்களை அவள் உள்ளே கொண்டுபோகவில்லை. எதிர்ப்பக்கம் அந்தச் சாம்பல் நிறக் கார் அன்றைக்கு விட்ட இடத்திலேயே, ஒரு சக்கரம் இல்லாமல், கட்டைமேல் நின்றுகொண்டிருந்தது. ஆர்லீதா படியிறங்கித் தெருவைக் கடந்து அந்தக் கார்வரைக்கும் போனாள். வெர்னெட்டா வீட்டு ஜன்னல் திரை அசைந்தது. கதவு திறக்குமென்று அவள் காத்து நின்றாள்.

வெயில் ஏறியும் கதவு திறக்கவில்லை. அவளும் திரும்பி வரவில்லை.